இரண்டிலும் சிவப்பு

இரண்டு பொட்டலத்திலும் சிவப்புப் பூவைத்தான் வைத்துக் கட்டினேன். தெரிந்தேதான் செய்தேன். என் அக்காவின் கல்யாணத்தை நிறுத்தியது பெருமாள் அல்ல... நான்.

உங்களிடம் சொல்வது சுலபமாக இருக்கிறது. நீங்கள் என் அக்காவின் முகத்தைப் பார்த்ததில்லையே!

எங்களுக்கு ராஜபாளையம். அப்பா இல்லை. அம்மா, அக்கா சுகந்தி, நான். சம்பந்தம் முடிவாகும் முன் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்தில் இருக்கும் திருவண்ணாமலை என்கிற குன்றின் மேலேறி, பெருமாள் சன்னதியில் பூக்கட்டிப் பார்ப்பது எங்கள் வீட்டு வழக்கம். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு. வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. யாருடைய கல்யாணமோ அவரே ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் சரி. சிவப்பு வந்தால் அதோடு பேச்சு முடிந்தது. எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிக்கக் கூடாது. அப்படியே அடிவாரத்துக் குளத்தில் போட்டுவிட வேண்டும்.

அந்தக் கடைசி விதிதான் என்னைக் காப்பாற்றியது. காப்பாற்றியதா...?

மாப்பிள்ளை மம்சாபுரத்துக்காரர், முருகேசன். ஒரு மில்லில் சூப்பர்வைசர். பெண் பார்க்க வந்தவர் பூவோடு ஒரு பை சப்பட்டை மாம்பழமும் கொண்டுவந்தார். பையை அக்கா கையில் கொடுக்கும்போதே, "அடியில ரெண்டு லேசா அழுகல். அந்தப் பக்கத்த வெட்டிட்டுச் சாப்பிடுங்க" என்றார். அவருடைய அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அக்கா சிரித்துவிட்டாள். அவர்கள் போன பிறகும், பாத்திரம் துலக்கும்போதும் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, பிடிச்சிருக்கா?" என்றேன்.

"அழுகல அழுகல்னு சொல்லுற ஆள் எங்கலே கிடைக்கும்?" என்றாள்.

அவ்வளவுதான். அவள் முடிவெடுக்க ஒரு மாம்பழம் போதுமானதாக இருந்தது.

எனக்குப் போதவில்லை. கல்லூரி முடித்த சூட்டில் இருந்தேன். எதையும் தொடங்குவேன், பாதியில் அதைவிட நல்லது ஒன்று கண்ணில் படும், அதற்குத் தாவுவேன். அக்காவின் பெயரை மூன்று கல்யாண ஆப்களில் பதிந்து வைத்திருந்தேன். படிப்பு, சம்பளம், ஊர், உயரம் என்று வடிகட்ட வடிகட்ட முகங்கள் வந்துகொண்டே இருந்தன. பெங்களூர்க்காரன் ஒருவன், கனடாக்காரன் ஒருவன்... இத்தனை பேர் இருக்க, முதலில் வந்த ஆளுக்கா என் அக்கா? அது அநியாயம் என்று பட்டது. அவளுக்கு ஒரு உலகத்தையே திறந்துவிடுவதாக நினைத்தேன்.

இதை அன்பு என்று எழுதிவிட எவ்வளவு ஆசையாக இருக்கிறது! பொய். எனக்கு அந்தத் தேடல் பிடித்திருந்தது. அது முடிந்துவிடக் கூடாது என்றிருந்தது. அதில் அக்கா எங்கே இருந்தாள்?

படியேறி முடித்ததும் அம்மா பூவை என்னிடம் தந்து கட்டச் சொன்னாள். வெள்ளை நந்தியாவட்டை, சிவப்பு அரளி. தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். நந்தியாவட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். கை நடுங்கவில்லை. இன்றுவரை என்னைப் பயமுறுத்துவது அதுதான்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பிறகு எடுத்தாள். பிரித்தாள். பூவைப் பொட்டலத்துக்குள்ளேயே வைத்து, பிரித்தது தெரியாதபடி மடிக்க முயன்றாள்.

"பெருமாளு நல்லதுக்குத்தான் சொல்லுவாரு, ஏட்டி. கீழ எறங்கு" என்றாள் அம்மா.

மற்றப் பொட்டலத்தைக் குளத்தில் போட்டது நான். அது மூழ்காமல் மிதந்தது. கல்லால் அடித்து மூழ்கடித்தேன்.

அதன் பிறகு அக்காவின் கையில் ஆப்களைக் கொடுத்தேன். எப்படி வடிகட்டுவது, எப்படி ஒப்பிடுவது என்று நானே சொல்லிக்கொடுத்தேன். முதலில் வேண்டாவெறுப்பாகப் பார்த்தாள். பிறகு விடவே முடியவில்லை. இவனுக்குச் சம்பளம் நல்லது, அவனுக்குச் சிரிப்பு நல்லது, இவனுடைய ஊர் பக்கம், அவனுடைய தங்கை வாயாடி... இரண்டு இடம் வீடுவரை வந்தது. இரண்டையும் அவளே தட்டிவிட்டாள். இதைவிட நல்லது அடுத்த பக்கத்தில் இருந்துவிட்டால்?

இது ஆப்போடு நிற்கவில்லை. முன்பெல்லாம் ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ்ஸைவிட்டு இறங்கினால் முதலில் தெரிகிற கடையில் பால்கோவா வாங்கி, நின்றபடியே தின்றுவிட்டு விரலை நக்குகிறவள் அவள். போன மாதம் அதே தெருவில் போனைக் கையில் வைத்துக்கொண்டு எந்தக் கடைக்கு எத்தனை நட்சத்திரம் என்று பார்த்தபடி நின்றாள். கடைக்குக் கடை போனாள். கடைசியில், "எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கு, வாலே போவோம்" என்றாள். வெறுங்கையோடு பஸ் ஏறினோம். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "எனக்கு எதையும் எடுக்கத் தெரியல. என் கை ராசியில்லாத கை" என்றாள்.

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். பக்கத்து இருக்கையில்தானே இருந்தேன்!

இந்தச் சில வருஷங்களுக்கு நடுவில் முருகேசனையும் ஒருநாள் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டில், மனைவியோடு, தோளில் தூங்கும் பெண் குழந்தையோடு. அவரே வந்து பேசினார்.

"என்ன தம்பி, அம்மா அவிய சௌக்கியமா? அக்காவுக்கு முடிஞ்சிட்டா?"

"பாத்துக்கிட்டு இருக்கோம்ணே."

"அமையும். எனக்கு அப்ப மனசு ஆறல. பொறவு, சாமியே சொன்னதுக்கு யார்ட்டப் போய்ச் சண்ட போடன்னு விட்டுட்டேன்."

அவர் பெருமாளை மன்னித்துவிட்டார். அம்மா நேரத்தைக் குறை சொல்கிறாள். அக்கா தன் கையைக் குறை சொல்கிறாள். என்னை மட்டும் யாரும் ஒன்றும் சொல்வதில்லை...

சொல்லிவிடலாம்தான். சொன்னால் அவளுடைய கை மேல் இருக்கிற பழி போகும். ஆனால் அவள் எடுக்க அங்கே வெள்ளையே இல்லை என்று தெரிந்தபின், அந்த மாம்பழத்தை எப்படி நினைப்பாள்? அவளுக்காகத்தான் மறைக்கிறேனா, எனக்காகவா? தினமும் கேட்டுக்கொள்கிறேன். பதில் தெரிந்துதான் கேட்கிறேன்.

போன சனிக்கிழமை மறுபடியும் மலையேறினோம். சிவகாசியிலிருந்து ஓர் இடம். வரமாட்டேன் என்றாள் அக்கா. அம்மா அழுததால் வந்தாள். ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்.

"நான் எடுக்க மாட்டேன். அம்மா கட்டட்டும், தம்பி எடுக்கட்டும். அவன் கை சுத்தமான கை."

இரண்டு பொட்டலங்கள் என் முன்னால் இருந்தன. வடிகட்ட வழியில்லை, ஒப்பிட வழியில்லை. என் கை போகவில்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள்.

"எடுலே. ரெண்டுதான இருக்கு" என்றாள் அக்கா.

எடுத்தேன். வெள்ளை.

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அக்கா அந்தப் பூவை வாங்கி உள்ளங்கையில் வைத்து நெடுநேரம் பார்த்தாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

"அன்னைக்கு இது என் கைக்கு வந்திருக்கக் கூடாதாலே?" என்றாள். கோபமே இல்லாத குரல். பிறகு அம்மாவிடம் திரும்பி, "சரிம்மா, பேசி முடி" என்றாள். தேடித் தேடி அலுத்துப்போய்ப் போனை மூடி வைக்கிறவள் சொல்வது போல.

மற்றப் பொட்டலத்தைக் குளத்தில் போட என்னைத்தான் அனுப்பினார்கள். பிரிக்கக் கூடாது என்று தெரியும். பிரித்தேன்.

சிவப்பு. அம்மா சரியாகத்தான் கட்டியிருந்தாள்.

மேலே படியிலிருந்து அக்கா குரல் கொடுத்தாள். "என்னலே செய்யுத இம்புட்டு நேரம்?"

"வாரேங்கா" என்றேன்.