பாதாம் மரத்துக்கு மாமா சொன்ன விலை

செம்பூரில் எங்கள் குடியிருப்பு சொசைட்டியின் தூங்குமூஞ்சி மரம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. அதை எடுக்கப் போன மாதம் மூன்று கொட்டேஷன் வாங்கினோம். மாநகராட்சிக்கு விண்ணப்பம், மரத்தில் நோட்டீஸ், ஆட்சேபணைக்கு அவகாசம் என்று எல்லாவற்றையும் வரிசை பிசகாமல் நான்தான் செய்தேன். ரயில்வே ஸ்டோர்ஸில் கொள்முதல் பார்த்தே தலை நரைத்தவளுக்கு வேறென்ன தெரியும்? மூன்றில் ஒருவர் மட்டும் மற்றவர்களைப்போல நான்கு மடங்கு கேட்டிருந்தார். கமிட்டியில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மாமாவின் ஞாபகம் வந்தது.

மாமா, அம்மாவின் தம்பி. தாராவியில் வீடு. மரம் வெட்டுவது தொழில். ஒரு ரம்பம், இரண்டு அரிவாள், ஒரு வடக்கயிறு, இவ்வளவுதான் கம்பெனி. அந்தக் காலத்தில் நோட்டீஸும் கிடையாது, அவகாசமும் கிடையாது. கட்டிடத்துச் சொந்தக்காரர் தலையசைத்தால் மரம் சாய்ந்துவிடும்.

நாங்கள் மாதுங்காவில், வரிசையாக ஒற்றை அறை வீடுகள் இருந்த ஒரு சாலில், முதல் மாடியில் இருந்தோம். ஒற்றை அறையில் ஏழு பேர். பின்பக்கம் பாத்திரம் கழுவ பால்கனிபோல ஒரு சின்ன கேலரி, அதை ஒட்டி ஒரு பாதாம் மரம். எதிர்க் கட்டிடத்துக்கும் எங்களுக்கும் நடுவில் அதன் இலைகள்தான் திரை. கம்பளிப்பூச்சி வருகிறது, வெளிச்சம் வரவில்லை என்று அப்பா அதை வெட்டத் தீர்மானித்தார். கட்டிடக்காரர் தலையசைத்தார். மச்சினன் இருக்கும்போது பெரிதாக என்ன செலவாகிவிடும் என்பது அப்பாவின் கணக்கு. அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை. கேட்பது வழக்கமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். அப்பாவும் நானும் கூடவே கீழே இறங்கினோம். மாமா மரத்தைத் தட்டினார், ஒரு சுற்று வந்தார்.

"அரை நாள் வேலைதான் அத்தான். விறகை நானே எடுத்துக்கிட்டா…" என்று தொடங்கியவர் அண்ணாந்து பார்த்தார். கேலரியில் அம்மா நின்றிருந்தாள். கையில் பாத்திரம் தேய்க்கிற சாம்பல். இலைகளுக்கு நடுவே முகமும் அந்தக் கையும் மட்டும் தெரிந்தன.

மாமா இருமிக்கொண்டார். இன்னொரு சுற்று வந்தார். அந்தச் சுற்றுக்குள் மரம் வளர்ந்துவிட்டது.

"கீழ தையக்காரன் பத்ரா போட்டிருக்கான், கொப்பு விழுந்தா தகரம் நசுங்கிரும். அந்தப் பக்கம் கரண்ட் கம்பி. ஒவ்வொரு கொப்பா கயிறு கட்டில்லா இறக்கணும். மேல ஒருத்தன், கீழ ரெண்டு பேரு…" என்று ஏறிக்கொண்டே போய் ஒரு தொகையில் நின்றார். அது அப்பாவின் ஒரு மாதச் சம்பளம்.

"ஏன் மாப்ள, மரத்தை வெட்டக் கூப்பிட்டனா, விலைக்கு வாங்கக் கூப்பிட்டனா?"

"சொந்தக்காரன், அசலான்னு கரண்ட் கம்பிக்குத் தெரியுமா அத்தான்?"

நான் சும்மா இருந்திருக்கலாம். "செம்பூர்ல இதைவிடப் பெரிய மாமரத்துக்கு அறுபது ரூபாதான்னு சொன்னீங்களே மாமா?" என்றேன்.

"அங்க கீழ வெறும் மண்ணு தாயி," என்றார் மாமா, என் முகத்தைப் பார்க்காமல்.

சொந்த மச்சினனே இவ்வளவு கேட்டால் அசலான் எவ்வளவு கேட்பான் என்று அப்பா வேறு யாரையும் விசாரிக்கவே இல்லை. முறைப்படி மூன்று கொட்டேஷன் வாங்கியிருக்க வேண்டும். மாமாவோடு தீபாவளி வரை பேச்சும் இல்லை. அம்மாவோ அந்தப் பணத்தாசைக்காரருக்கு அன்று பெரிய தம்ளரில் காபி கொடுத்தாள். அவர் போனதும் என் தொடையில் ஒரு கிள்ளு. பெரியவர்களை எதிர்த்துப் பேசியதற்கு என்று எடுத்துக்கொண்டேன்.

வேண்டாத வேலையை யாரும் மாட்டேன் என்று எழுதிக் கொடுப்பதில்லை, விலையை ஏற்றி எழுதிவிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷமே இதைக் கற்றுக்கொண்டேன். அப்படிப்பட்ட கொட்டேஷன்களை எத்தனையோ முறை ஒதுக்கியும் வைத்திருக்கிறேன். மாமாவின் விலையை அவற்றோடு சேர்க்கத் தோன்றியதே இல்லை.

நாங்கள் அந்த வீட்டைக் காலி செய்யும்வரை மரம் அங்கேயே நின்றது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அம்மா கதவைச் சாத்திக்கொண்டு கேலரிக்குப் போவாள். கொஞ்ச நேரம் பாத்திரச் சத்தம் கேட்கும். பிறகு அதுவும் நின்றுவிடும். அப்புறமும் வெகுநேரம் அம்மா உள்ளே வரமாட்டாள். இவ்வளவு நேரம் என்ன செய்கிறாய் என்று கேட்டால், "கரி போகலை" என்பாள்.

எங்கள் வீட்டுப் பாத்திரங்களில்தான் ஊரிலேயே அதிகக் கரி என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.