பொட்டு வைத்த ஜப்பான் வீராங்கனை

அட்டைப்பெட்டியும் சந்தனமும் கலந்த வாசனை... ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் நான் வைத்த முதல் கொலு என்றால் மூக்குக்கு வருவது அதுதான்.

அமெரிக்காவில் கணவரைச் சார்ந்த எச்-4 விசா. வேலைக்குப் போக முடியாது, கார் ஓட்டத் தெரியாது. வீடு மாற்றிய பெட்டிகளை அடுக்கி, மேலே கல்யாணப் புடவையை விரித்து மூன்று படி கட்டினேன். பொம்மைகள் மொத்தமே ஐந்து!

பக்கத்து அபார்ட்மென்ட் யூமிதான் எனக்கு அந்த ஊரில் ஒரே தோழி. அவளும் என்னைப்போல் கணவர் வேலைக்காக வந்தவள். காலிப் படிகளைப் பார்த்துவிட்டு ஓடிப்போய் ஒரு படம் கொண்டுவந்தாள். மரப்பலகையில் செதுக்கி, வண்ணம் தடவி, காகிதத்தில் ஒற்றியெடுத்த பழைய ஜப்பானியப் படம். கல்யாணத்துக்கு அவள் அம்மா கொடுத்தது.

குதிரைமேல் ஒரு பெண், கையில் வாள். அவர்கள் ஊர்க் கதைகளில் பேர்போன வீராங்கனையாம். பெயர் என் வாயில் நுழையவில்லை. நான் சிவகங்கைக்காரி... "இது எங்க வேலு நாச்சியார்தான்" என்று நடுப்படியில் வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பூஜை. ஊர்ப் பழக்கத்தில் எல்லாப் படத்துக்கும் சந்தனம், குங்குமம் வைத்துக்கொண்டே போனேன். யூமியின் படத்துக்குக் கண்ணாடி இல்லை என்பது பொட்டு வைத்த பிறகுதான் உறைத்தது. துடைத்தால் இன்னும் பரவியது.

யூமி வந்தாள், பார்த்தாள். "சாரி யூமி..." என்றேன். படத்தை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மூன்று நாள் அவள் வரவேயில்லை. 

"ஒரு படத்துக்கா இவ்ளோ அழுவுற?" என்றார் கணவர்.

"படத்துக்கு இல்லங்க."

சரஸ்வதி பூஜையன்று காலிங் பெல். யூமி! கையில் வேறு படம், கவிதை எழுதும் அரண்மனைப் பெண். இந்த முறை ஃப்ரேம் போட்டிருந்தாள்.

"திஸ் லேடி ஆல்சோ, ப்ளீஸ்... பட் ஆன் த கிளாஸ்."

குங்குமச் சிமிழை எடுத்தபோது எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

இப்போது சொந்த வீடு, ஒன்பது படி. சைன்-அப் ஷீட்டில் நேரம் குறித்துக்கொண்டு நாற்பது பேர் வருகிறார்கள், செல்ஃபி எடுக்கிறார்கள், கிளம்புகிறார்கள். யூமி ஜப்பான் திரும்பி வருஷங்களாகிவிட்டன.

போன வாரம் வீடியோ காலில் அவள் பின்னால் சுவரில் அந்த வீராங்கனை. குதிரையின் நீலம்கூட வெளுத்திருக்கிறது, நான் வைத்த பொட்டு மட்டும் அப்படியே இருக்கிறது.

"யூமி, அத எடுக்க முடியலையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"ஃப்ரேம் ஷாப் மேன் டோல்ட் மீ, கேன் ரிமூவ். ஐ டோல்ட், நோ. மை ஃப்ரெண்ட் புட் இட்."

அன்று என் கொலுவுக்கு வந்தது ஒரே ஒருத்தி. இன்று வரும் நாற்பது பேரில் அவளைத்தான் தேடுகிறேன்.