ஆர்டர் இன்னும் வரவில்லை

கோர்ட்டு சாரின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்னப் புத்தகம் இருக்கும். மடித்து மடித்துத் துணி மாதிரி மெத்தென்று ஆகிவிட்ட துப்பாக்கி லைசென்ஸ். மழையில் நனையாமல் பிளாஸ்டிக் தாளில் சுற்றி வைத்திருப்பார். அவர் தோளில் தொங்கும் இரட்டைக் குழல் துப்பாக்கியை யாராவது ஒரு மாதிரி பார்த்தால் போதும், கேட்காமலேயே அதை எடுத்து நீட்டுவார். எழுபதுகளின் தொடக்கத்தில் தாம்பரத்துப் பக்கம் ஒரு போலீஸ் ஸ்டேஷனில் நான் ரைட்டராக இருந்தேன். ரைட்டர் என்றதும் கதை எழுதுகிறவன் என்று நினைத்துவிட வேண்டாம். புகார் எழுதி, பதிவேடுகளைப் பார்த்து, சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, மேலே இருப்பவர், கீழே இருப்பவர் எல்லாரிடமும் திட்டு வாங்குகிறவன்.

அவர் கோர்ட்டில் பெஞ்சு கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஜட்ஜுக்குக் கீழே உட்கார்ந்து முப்பது வருஷம் கேஸ் கட்டுப் பிரித்த மனுஷன் என்பதால் இரும்புலியூரில் எல்லாருக்கும் அவர் கோர்ட்டு சார்தான். காலையில் ஏரிக்குப் போய் இரண்டு சிறகி வாத்து சுட்டுக்கொண்டு வருவது அவருக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு. அவர் அங்கே வீடு கட்டியபோது வீட்டுக்கும் ஏரிக்கும் நடுவில் வயலும் பனைமரமும்தான் இருந்தனவாம். என் காலத்துக்குள் அதே வழியில் ஒரு பஸ் ஸ்டாப், ஒரு டீக்கடை, மனை போட்டு நட்ட கல் எல்லாம் வந்துவிட்டன. அவர் என்னவோ பழைய வழியிலேயேதான் நடந்துகொண்டிருந்தார்.

டீக்கடைக்காரர் வந்து முறையிட்டார். துப்பாக்கியோட ஒருத்தர் நடந்தால் கிராக்கி எப்படி நின்று டீ குடிக்கும் என்பது அவர் கவலை. சட்டத்தை விளக்கிவிட்டு வரலாம் என்று நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். விளக்கியது நான் இல்லை. லைசென்ஸைக் கையில் விரித்துப் பிடித்தபடி, பின்பக்கத்து நிபந்தனைகளை அவர் ஒரு எழுத்து பிசகாமல் சொன்னார். வேட்டைக்கு என்று வாங்கிய துப்பாக்கியை வேட்டைக்குத்தான் எடுத்துப் போக வேண்டும், சரி. திருவிழாவுக்கும் ஊர்வலத்துக்கும் ஜனங்கள் கூடும் இடத்துக்கும் கொண்டுபோகக் கூடாது, அதுவும் சரி. தான் தோட்டா போடாமல், குழலை மடக்கித் தொங்கவிட்டுத்தான் ரோட்டைக் கடப்பதாகச் சொன்னார். பிறகு சிரித்துக்கொண்டே, "பஸ்ஸுக்கு நிக்கிறவங்க எத்தனை பேர் சேந்தா கூட்டம், ரைட்டர்? நாலு பேரா, அஞ்சு பேரா?" என்று கேட்டார். ஸ்டேஷனுக்கு வந்து சட்டப் புத்தகத்தைப் புரட்டினேன், அதில் இல்லை. மனுஷன் எவ்வளவு படித்திருக்கிறார் என்று எஸ்.ஐ.யிடம் வியந்துவேறு பேசினேன்.

அந்த வாரமே மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவருடைய மனைவி வந்தார். மிஷன் ஸ்கூலில் டீச்சர். கையில் டிபன் பையோடு வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தவர், யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"அவருக்குக் கண்ணு தெரியல, தம்பி. ராத்திரி ஜெபத்துல பைபிளை விரிச்சு வெச்சுக்கிட்டு மனப்பாடமா ஒப்பிக்கிறார். பக்கத்தை மட்டும் சரியாத் திருப்பிடுறார். போன வாரம் புஸ்தகம் தலைகீழா இருந்துச்சு."

அவர் லைசென்ஸை விரித்துப் பிடித்து ஒப்பித்தது எனக்கு ஞாபகம் வந்தது. ஏரிக்கரையில் பெண்கள் துணி துவைப்பார்கள், பிள்ளைகள் மாடு மேய்க்கும். டாக்டரிடம் போகலாம் என்றால் எனக்கென்ன கேடு என்று கேட்கிறாராம். லைசென்ஸை ரத்து செய்யச் சொல்லி ஒரு மனு கொடுங்கள் என்றேன். பெண்டாட்டியே தன்னைக் குருடன் என்று எழுதிக் கொடுத்தாள் என்று தெரிந்தால் அவர் உடைந்துபோவார் என்றார். சட்டம் என்று வந்துவிட்டால் மட்டும் ஒரு வார்த்தை மறுத்துப் பேச மாட்டாராம். "நான் சொன்னா அவருக்குக் கோபம் வரும். நீங்க சொன்னா அது சட்டம்" என்றார்.

நல்லவேளையாக அப்போது தேர்தல் வந்தது. லைசென்ஸ் உள்ள துப்பாக்கிகளை எல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைக்க உத்தரவு. கோர்ட்டு சார்தான் முதல் ஆளாக வந்தார். துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுத் துடைத்து, கித்தான் உறையில் வைத்து, தோட்டாக்களைத் தனியே கட்டிக் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டார். தேர்தல் முடிந்தது. மற்றவர்கள் வந்து அவரவர் துப்பாக்கியை வாங்கிப் போனார்கள். அவரும் வந்தார். நான் குனிந்த தலை நிமிராமல், "ஆர்டர் இன்னும் வரல, சார்" என்றேன். சரி, வரட்டும் என்று போய்விட்டார்.

அப்புறம் ஒவ்வொரு திங்கட்கிழமையும் வந்தார். நீட்டாக இஸ்திரி போட்ட சட்டை, கையில் ரசீது. நானும் திங்கட்கிழமை தவறாமல் அதே பொய்யைச் சொன்னேன். ஒருத்தருடைய பொருளை அப்படி வைத்துக்கொள்ள எனக்கு எந்த அதிகாரமும் கிடையாது. அவர் மேலிடத்துக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டிருந்தால் என் உத்தியோகம் போயிருக்கும். எஸ்.ஐ. கண்டும் காணாமல் இருந்தார். சட்டத்தை இவ்வளவு மதிக்கிற ஒருவரைச் சட்டத்தின் பெயரைச் சொல்லியே ஏமாற்றுகிறோமே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. எதிரே டீச்சரம்மாவைப் பார்த்தால் அவர் நின்று ஒரு நிமிஷம் கை கூப்பிவிட்டுப் போவார். அதனால் பொய்யை விடவும் முடியவில்லை.

இப்படியே இரண்டு வருஷம் ஓடி, எனக்கு மாற்றல் வந்தது. புதிதாக வருகிற ரைட்டர் கணக்குப் பார்ப்பார், ரசீதோடு வருகிறவருக்குத் துப்பாக்கியைத் தூக்கிக் கொடுத்துவிடுவார். எப்படியாவது அவர் மனதை மாற்ற வேண்டும் என்று, கடைசித் திங்கட்கிழமை அவரை வேப்பமரத்தடிக்கு அழைத்துப்போய் விஷயத்தை ஆரம்பித்தேன். அவர் என் தோளைத் தடவிக் கண்டுபிடித்துக் கையை வைத்தார்.

"மந்திரிங்க பதவியேத்து ரெண்டு வருஷம் ஆச்சு, ரைட்டர். ரேடியோ கேக்கிறேன்ல" என்றார். "தேர்தலுக்கு முந்தின வாரம் ஏரியில ஒரு கொக்கைக் குறி வெச்சேன். விசையில விரலும் வெச்சாச்சு. அது நிமிந்து புடவையை உதறிச்சு."

தெரிந்தும் ஏன் சார் வாராவாரம் நடந்தீர்கள் என்று கேட்டேன்.

"நான் கேக்கிறதை நிறுத்திட்டா, கண்ணு போனது எனக்கே தெரிஞ்சுபோச்சுன்னு அவளுக்குத் தெரிஞ்சிடும். பாவம், எனக்குத் தெரியக் கூடாதுன்னு அவ எவ்வளவு பாடுபடுறா."

ரசீதை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். வெயிலில் இறங்கியவர் ஏதோ நினைத்துக்கொண்டு திரும்பி, நான் நின்ற பக்கமாகப் பார்த்துச் சொன்னார்.

"புதுசா வர்றவர்கிட்ட சொல்லிட்டுப் போங்க. திங்கக்கிழமை ஒரு கிழவன் வருவான், ஆர்டர் வரலேன்னு சொல்லி அனுப்பணும்னு."