ஸ்லாப் போட்ட வெள்ளிக்கிழமை

அன்று நான் இருந்தேன், வீட்டுக்கார அம்மா இருந்தார், என் கம்பி ஆட்கள் இருந்தார்கள், பைப் வேலைக்காரரும் இருந்தார். தொழிலில் என் பங்காளி மட்டும் இல்லை. போனை அணைத்துவிட்டு திகனப் பள்ளிவாசலில் ஜும்ஆ தொழுகையில் இருந்தார்.

வத்தேகமவில் அது நாங்கள் சேர்ந்து கட்டிய மூன்றாவது வீடு. எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். வரைபடமும் கொங்கிரீட் வேலையும் என் பக்கம். சாமானும் பைப்பும் பங்காளி பக்கம்; என்னைவிட மூத்தவர், நானா என்றுதான் கூப்பிடுவேன். முதல் வீட்டில் அவர் ஏசியதால் என் கம்பி ஆள் ஒருவர் வேலையை விட்டே போய்விட்டார். அதன்பிறகு பேசிக்கொண்டோம்: அவர் ஆளுக்கு நான் சொல்வதில்லை, என் ஆளுக்கு அவர் சொல்வதில்லை. இரண்டாவது வீடு சண்டையில்லாமல் முடிந்தது அதனால்தான். இதுவும் ஒழுங்காக முடிந்தால் வீட்டுக்கார அம்மாவின் தம்பி வீடு கட்டும் வேலையும் எங்களுக்கே என்று பேச்சு.

மேல்மாடி பாத்ரூமின் இடத்தை அம்மா முந்தின நாள்தான் மாற்றியிருந்தார். கொங்கிரீட் விழுமுன் அங்கே பைப்புக்கு ஓட்டை விட வேண்டும். விட்டிருக்கவில்லை.

"அண்ணே, பைப் வைக்கலயா?" என்று பைப் வேலைக்காரரிடம் கேட்டேன்.

"மொதலாளி ஒண்ணும் சொல்லலயே தம்பி. நீங்க சொல்றீங்களா?"

"அவரு வரட்டும்" என்றேன்.

"நல்ல நேரம் போகுது, புத்தே" என்றார் அம்மா, மகனே என்பதை மட்டும் சிங்களத்தில் விட்டு, தன் அரைகுறைத் தமிழில். சுபநேரம் பார்த்து வைத்தவர் அவர். எதிர்மூலையிலிருந்து போடச் சொன்னேன், பாத்ரூம் மூலைக்கு வருவதற்குள் பங்காளி வந்துவிடுவார் என்ற கணக்கில். வழியில் லொறி ஒன்று குறுக்கே நின்றதாம். அவர் ஏணியில் ஏறி வந்தபோது ஆட்கள் பாத்ரூம் மூலையையும் மட்டம் தட்டி முடித்திருந்தார்கள்; இறுகத் தொடங்கிய கொங்கிரீட்டை இனித் தோண்ட முடியாது.

"என்ன தம்பி, வாயில சீமெந்தா போட்டிருந்தீங்க?"

"ஒங்க ஆளுக்கு நான் சொல்றதில்லன்னு பேசிக்கிட்டோமே நானா."

"அது ஏசுறதுக்கு. பைப் வைக்கச் சொல்லவுமா?"

ஈரக் கொங்கிரீட்டைப் பார்த்தபடி இருவரும் நின்றோம். சண்டை போடக்கூடத் தெம்பு இல்லை.

இப்போது அந்த ஏற்பாட்டை மாற்றிவிட்டோம். தளத்தில் யார் நிற்கிறாரோ அவர் சொல்லலாம், யாருடைய ஆளுக்கும். ஏசுவது மட்டும் தனியாகக் கூப்பிட்டு. அம்மாவின் தம்பி வீட்டை வேறு யாரோ கட்டுகிறார்கள். காய்ந்த ஸ்லாப்பை மெஷின் வைத்துத் துளைத்து, வெட்டுப்பட்ட கம்பிக்கு வேறு கம்பி கொடுத்து, ஒழுகாமல் அடைத்து முடிக்க இருவருக்கும் சேர்த்துப் போனது தொண்ணூற்று நாலாயிரம் ரூபாய்.