பெண் பார்க்க ஏறிய மலை

எங்கள் சித்திக்கு மூச்சிரைப்பு உண்டு என்பதை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவள் வைத்திருந்த நீல நிற இன்ஹேலருக்கும் பெயர் கிடையாது. ‘அது’ என்பார்கள். அதை எடுத்துக்கொண்டாயா, அது யார் கண்ணிலும் படவில்லையே, இப்படித்தான் பேச்சு நடக்கும். இருட்டிய பிறகு பாம்பைப் பெயர் சொல்லிக் குறிப்பிடக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். சித்தியின் இன்ஹேலரும் அந்த வகைதான் என்று பத்து வயதில் நானாகவே முடிவு செய்துகொண்டேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. செங்கல்பட்டில் குடியிருந்தோம். அம்மாவின் தங்கையான சித்தி எங்களோடு இருந்துகொண்டு, ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்டாக வேலை பார்த்தாள். வயது இருபத்தெட்டு. அதற்குள் இரண்டு வரன்கள் தட்டிப்போயிருந்தன. முதல் வரனைத் தெருவில் யாரோ புண்ணியவான் போட்டுக்கொடுத்துக் கெடுத்தார். இரண்டாவது வரன் பஜ்ஜியால் போனது. பெண் பார்க்க வந்தவர்களுக்காக அம்மா அடுப்படியில் பஜ்ஜி போட்டாள். எண்ணெய்ப் புகை கூடத்துக்கு வந்தது. காபித் தட்டோடு நின்ற சித்திக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. மாப்பிள்ளையின் அப்பா கடித்த பஜ்ஜியைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்தார். பிறகு வெகுநாள் எங்கள் வீட்டில் யாரும் பஜ்ஜியின் பேச்சையே எடுக்கவில்லை.

மூன்றாவது வரனைக் கொண்டுவந்தவர் மாமா. அம்மாவுக்கும் சித்திக்கும் அண்ணன். அச்சரப்பாக்கத்தில் உரக்கடை வைத்திருந்தார். பையனுக்குக் கல்பாக்கத்தில் டெக்னீஷியன் வேலை, குவார்ட்டர்ஸ் உண்டு, அம்மா மட்டும்தான். இதுவும் போய்விட்டால் அப்புறம் இந்தப் பெண்ணை யார் கேட்டு வருவார்கள் என்று அம்மா புலம்பினாள். சித்தி அறைக்குள் தலையணை உறை மாற்றிக்கொண்டிருந்தாள். ஒரே உறையை மூன்று முறை மாற்றினாள்.

மாமா அசரவில்லை. “வூட்ல வெச்சாத்தானே பேஜாரு? மலை உச்சில வெச்சிக்கலாம். உச்சில ஏறி நிக்கிற பொண்ணப் பாத்து மூச்சுக் கோளாறுன்னு எவன்னா சொல்லுவானா?” என்றார்.

அச்சரப்பாக்கத்துக்குப் பக்கத்தில் காடு மூடிய மலை ஒன்று உண்டு. உச்சியில் சின்னதாக ஒரு சிவன் கோயில். இரண்டு வீட்டாரும் சாமி கும்பிட வந்தது போலத் தற்செயலாகப் பார்த்துக்கொள்ள வேண்டியது. பிடித்தால் பேச்சை வளர்க்கலாம்; பிடிக்காவிட்டால் திருநீறு பூசிக்கொண்டு அவரவர் வழியில் இறங்கிவிடலாம், யாருக்கும் தலைகுனிவு இல்லை. எங்கள் பக்கத்தில் இதெல்லாம் வழக்கம்தான். ஆனால் அதற்கு எல்லோரும் தரையில் இருக்கும் கோயிலாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள்.

மேலே ஏற இரண்டு வழிகள். முன்பக்கம் கல் படிகள். நேர் ஏற்றம், ஒதுங்க ஒரு துண்டு நிழல் கிடையாது. பின்பக்கம் ஏரிக்கரையிலிருந்து காட்டுக்குள் நுழைந்து, மலையைச் சுற்றிச் சுற்றி ஏறும் ஒற்றையடிப் பாதை. தூரம் இரண்டு மடங்கு, ஆனால் நிழல் உண்டு, ஏற்றமும் மெதுவானது. அம்மாவும் மாமாவும் அடிவாரத்தில் பையன் வீட்டாரைத் தற்செயலாகப் பார்த்ததுபோல் பார்த்து, அவர்களோடு படி வழியாக வருவதாகவும், சித்தி விடியற்காலையிலேயே காட்டு வழியாக மெல்ல மெல்ல ஏறி, வியர்வை துடைத்து, பவுடர் போட்டுக்கொண்டு உச்சியில் தயாராக நிற்பதாகவும் ஏற்பாடு. மாமா ஒரு யூரியா பில்லின் பின்பக்கம் வழியை வரைந்து தந்தார். பாதை பிரியும் இடங்களில் பாறையில் சுண்ணாம்பு அடித்திருக்கும், அந்தப் பக்கமே திரும்ப வேண்டும் என்றார்.

முதல் நாள் இரவே மாமா வீட்டுக்குப் போய்த் தங்கினோம். சித்திக்குத் துணை நான். தேங்காய், பூ, கற்பூரம் வைத்த மஞ்சள் பை என்னிடம் இருந்தது. எல்லாவற்றுக்கும் அடியில் கைக்குட்டையில் சுற்றி ‘அது’. யாராவது இருந்தால் வெளியே எடுக்கவே கூடாது, சித்திக்கு வேண்டுமென்றால் புதர் மறைவுக்குப் போய்த்தான் எடுக்க வேண்டும் என்று அம்மா என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். நாட்டின் ரகசியம் ஒன்றைச் சுமப்பது போல நடந்தேன்.

காட்டுக்குள் நன்றாகவே இருந்தது. களாக்காய் பறித்துத் தின்றேன். சித்தி ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, மூச்சை எண்ணிவிட்டு நடந்தாள். சுள்ளிக்கட்டோடு இறங்கி வந்த ஒரு பெண் எங்களைப் பார்த்துச் சிரித்தாள். “இன்னாம்மா, படி இருக்கச் சொல்ல இப்டி சுத்திகினு போறீங்க? காத்தால ஒரு ஆளு இப்டித்தான் காலை இஸ்துகினு போனாரு” என்றாள்.

பாதி மலையில் ஒரு சுனை. அதன் பக்கத்துப் பாறையில் அந்த ஆள் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, புது ஷூ. பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிவிட்டு முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தவர், எங்களைக் கண்டதும் சரேலென்று பேன்ட்டை இறக்கிவிட்டு எழுந்தார். சித்தி நின்றுவிட்டாள். மாப்பிள்ளையின் போட்டோவை எனக்குக் காட்டியிருக்கவில்லை; அவளுக்குக் காட்டியிருந்தார்கள். அவரிடமும் அவள் போட்டோ இருந்தது. யாரோ ஒரு ஆள் என்று நினைத்துக்கொண்டு நின்றது நான் ஒருத்திதான்.

“மேலயா போறீங்க?” என்றார். “ஆமா” என்றாள். சேர்ந்தே நடந்தோம். தனக்காக அவர் மெதுவாக நடக்கிறார் என்று இவளும், தனக்காக இவள் மெதுவாக நடக்கிறாள் என்று அவரும் நினைத்திருக்க வேண்டும். எனக்கோ எரிச்சல். இந்த வேகத்தில் போனால் மாப்பிள்ளை வீட்டார் முதலில் போய்ச் சேர்ந்துவிடுவார்கள், எல்லாம் கெட்டுவிடும் என்று மனதுக்குள் அந்த மனிதரைத் திட்டிக்கொண்டே நடந்தேன்.

கடைசி ஏற்றம் செங்குத்து. நான்கு எட்டு வைத்ததும் சித்திக்கு இழுக்க ஆரம்பித்தது. விசில் போன்ற அந்தச் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் இருந்த சூரைப்புதரின் பக்கம் இழுத்தேன். அவள் வரவில்லை. பாறையில் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்தாள்.

“அதை எடு.”

“எதை?” என்றேன். சத்தியம் சத்தியம்தான்.

“எடுடி.”

“எங்கிட்ட ஒண்ணும் இல்லையே சித்தி.”

அவள் பையைப் பிடுங்கினாள். தேங்காயை எடுத்து அந்த மனிதர் கையில் கொடுத்தாள். பூவையும் கொடுத்தாள். அடியிலிருந்து அதை எடுத்து, குலுக்கி, அவரைப் பார்த்தபடியே வாயில் வைத்து இரண்டு முறை இழுத்தாள். மூச்சு சமன்பட்டதும், “இதுக்குப் பேரு இன்ஹேலர். எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே வீசிங் இருக்கு. தினமும் வராது. வந்தா இப்படித்தான்” என்றாள்.

எனக்கு அழுகை முட்டியது. அந்த வார்த்தையை முதல்முறையாக, அதுவும் முன்பின் தெரியாத ஒரு ஆளிடம் சொல்கிறாளே!

அவர் தேங்காயையும் பூவையும் பக்கத்துப் பாறையில் வைத்தார். பிறகு பேன்ட்டைச் சுருட்டினார். முட்டியின் மேலே நீளமாக ஒரு தழும்பு. “ஸ்கூட்டர்லேர்ந்து விழுந்தேங்க. உள்ள கம்பி வெச்சிருக்காங்க. தரையில நடந்தா தெரியாது. படி ஏறினா காட்டிக் கொடுத்துடும்” என்றார்.

மழையில் நனைந்தால் அந்தக் கம்பி துருப்பிடிக்குமா என்று அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டேன். இதுவரை பிடிக்கவில்லை என்று அவர் ரொம்பவும் பொறுப்பாகப் பதில் சொன்னார். சித்தி சிரித்தாள். எங்கள் வீட்டில் அவள் அப்படிச் சத்தமாகச் சிரித்து நான் கேட்டதில்லை. சிரித்தால் இழுக்கும் என்று அம்மா சொல்லிவைத்திருந்தாள்.

நாங்கள் முதலில் உச்சிக்குப் போனோம். அவர் பின்னால் வருவதாகச் சொல்லித் தங்கிக்கொண்டார். சற்று நேரத்தில் படி வழியாக அம்மா, மாமா, பையனின் அம்மா மூவரும் நாக்குத் தள்ள வந்து சேர்ந்தார்கள். “எங்க பையன் படியில ஓடியே போயிட்டான், எங்களால பிடிக்க முடியல” என்றார் அந்த அம்மாள். “எங்க பொண்ணும் அப்படித்தான், ஒரே ஓட்டம்” என்றாள் என் அம்மா. மாமா இருவருக்கும் நடுவில் நின்று துண்டால் விசிறிக்கொண்டார்.

அப்போதுதான் கோயிலின் பின்னாலிருந்து அவர் வந்தார். இதோ பையன் என்றார் மாமா. எல்லாம் போச்சு. சித்தியின் கல்யாணம் என் கையிலிருந்த பையிலிருந்தே போச்சு.

எப்படியாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று, “சித்தி வாயில வெச்சது மருந்து இல்ல, பீப்பீ!” என்று உரக்கச் சொன்னேன்.

அம்மா முகத்தில் ரத்தமே இல்லை. எந்தப் பீப்பீ என்று அந்த அம்மாள் கேட்க, அவர் முன்னால் வந்து நிதானமாகச் சொன்னார். “மூச்சுக்கான மருந்தும்மா. அவங்களே எங்கிட்ட சொல்லிட்டாங்க. நானும் என் காலைக் காட்டிட்டேன். ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் ஏறி வந்தோம்.”

பிறகு இரண்டு அம்மாக்களும் ஒரே சமயத்தில் மாமாவின் பக்கம் திரும்பினார்கள். அவர்தான் இரண்டு வீட்டிலும் தனித்தனியாகப் போய், யாருக்கும் தெரியாத வழி என்று அதே காட்டுப் பாதையைச் சொல்லியிருக்கிறார். இரண்டாவது யூரியா பில் மாப்பிள்ளையின் சட்டைப் பையில் இருந்தது.

“படியை வுட்டா அந்த ஒரு வழிதானே கீது? நான் இன்னா பண்ணட்டும்?” என்றார் மாமா.

முதலில் சிரித்தது அந்த அம்மாள்தான். சிரித்துக்கொண்டே படியில் உட்கார்ந்து, தனக்கும் முட்டி வலி தாங்கவில்லை என்று ஒப்புக்கொண்டார்.

இறங்கி, செங்கல்பட்டு பஸ் பிடித்தோம். தை மாதத்தில் முகூர்த்தம் பார்க்கலாம் என்று பேச்சு ஆகியிருந்தது எனக்குத் தெரியாது. என் காவலில்தான் தப்பு நடந்துவிட்டது என்ற குற்ற உணர்வில், ஜன்னல் ஓரம் இருந்த சித்தியின் காதில் சொன்னேன்: “இனிமே யாராவது இருந்தா புதருக்குப் பின்னாடி வந்துடு சித்தி. நான் காவல் நிக்கிறேன்.”

அவள் என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். “இனிமே வேணாம்டி” என்றாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

சித்திக்கு வீசிங் குணமாகிவிட்டது என்று நான் புரிந்துகொண்டேன். காட்டு வழியில் வீசிய காற்றுதான் காரணம் என்று மறுநாள் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னேன்.