வீட்டில் இருப்பவன் எங்கிருந்து ரிட்டயர் ஆவது?

போன செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு எங்கள் வீட்டில் மிக்ஸி ஓடியது.

இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? அப்போது நான் வீடியோ மீட்டிங்கில் இருந்தேன். நான் மீட்டிங்கில் இருந்தால் வலியசாலைத் தெருவில் எங்கள் வீட்டில் மட்டும் மிக்ஸி ஓடாது. குக்கர் விசில் அடிக்காது. ரேடியோ பாடாது. ஐந்து வருஷமாக அதுதான் சட்டம்.

"சாரே, அவிடெ கான்க்ரீட் மிக்ஸரா?" என்றார் கொச்சியிலிருந்து மானேஜர், மலையாளத்தில். திரையில் ஏழு பெட்டிகள். ஏழு பேரும் சிரித்தார்கள்.

மீட்டிங் முடிந்ததும் அடுக்களைக்குப் போய்க் கத்தினேன். என் மனைவி விசாலம் சட்னியை நிதானமாக வழித்துக்கொண்டிருந்தாள்.

"முப்பத்தோரு வருஷம் ஸ்கூல்ல கத்தியாச்சு. ரிட்டயர் ஆகி ரெண்டு வருஷமா சொந்த வீட்டுல ரகசியம் பேசிண்டிருக்கேன். வெள்ளிக்கிழமை பாராயணத்தைக்கூட உங்க மீட்டிங்குக்காக எதிராத்துக்கு மாத்தியாச்சு. பாராயணத்துக்கு வர ஒன்பது பேரும் கேக்கறா, உங்காத்துக்காரர் வேலையை எப்போ நிறுத்துவார்னு. நான் என்ன தேதி சொல்லட்டும்?"

தேதி... நியாயமான கேள்விதான். எனக்கு அறுபத்துமூன்று வயது. ஒரு கட்டுமான கம்பெனியில் பிளான்களைச் சரிபார்க்கும் வேலை. எத்தனை கதவு, எத்தனை ஜன்னல், எத்தனை படி என்று எண்ணுவது. அதற்குச் சம்பளமும் தருகிறார்கள். அறுபதில் முடிந்திருக்க வேண்டியது. ஆறாறு மாதமாக ஆறு முறை நீட்டியாகிவிட்டது.

ஆபீஸ் போன காலத்தில் நான் இப்படி இல்லை. பட்டம் என்கிற இடத்தில் ஆபீஸ்; போக இரண்டு பஸ். இறங்கினால் நாற்பத்தாறு படி, லிஃப்ட் கிடையாது. தினமும் முப்பதாவது படியில் முழங்கால் சொல்லும் — 'அறுபதோடு போதும்.' லாக்டவுன் வந்தது. படி போயிற்று, பஸ் போயிற்று, கூடவே அந்தத் தீர்மானமும் போயிற்று.

யோசித்துப் பாருங்கள். ஆபீஸில் நமக்கு வயதாவதைச் சொல்ல எத்தனை பேர்! நாற்காலியை நகர்த்திப் போடுகிற பியூன், 'சார் மெதுவா' என்கிற டைப்பிஸ்ட், நம் மேஜையைக் கண்ணால் அளக்கிற ஜூனியர்... வீட்டில்? காமிராவில் கழுத்துக்கு மேலேதான் தெரியும். முழங்கால் தெரியாது. வயதாவதைப் பார்க்கிற ஒரே ஆள் மனைவி. அவளிடம் எந்த எச்.ஆரும் அபிப்பிராயம் கேட்பதில்லை.

சரி, மாதக் கடைசியோடு நிறுத்திக்கொள்கிறேன் என்று அன்றே மானேஜருக்கு போன் செய்தேன். அவருக்கு ஒன்றுமே புரியவில்லை.

"சார் வீட்டில்தன்னே அல்லே? பின்னே எந்தினா ரிட்டயர்மென்ட்?"

வீட்டில்தானே இருக்கிறேன், பிறகு எதற்கு ரிட்டயர்மென்ட் என்கிறார். "தினம் இரண்டு மணி நேரம் மட்டும் பாருங்கள் சார்" என்றார். நானும்... சரி என்றுவிட்டேன்! கதவுக்குப் பின்னால் எல்லாவற்றையும் கேட்டபடி விசாலம்.

மறுநாள் ஒன்பது மணிக்கு வாசலில் நிற்கிறாள், முன்பு ஸ்கூலுக்குக் கட்டிய காட்டன் புடவை, தோளில் பை, பையில் டிபன் பாக்ஸ்.

"எங்கே?"

"ஆபீஸுக்கு. நீங்க ஆத்துல வேலை பாருங்கோ. நான் அஞ்சு மணிக்கு வரேன், கேட்டேளா."

எங்கே போனாள் என்பதை மூன்றாம் நாள்தான் கண்டுபிடித்தேன். எதிர்வீடு! அங்கே மிக்ஸி ஓடியது. சிரிப்பு கேட்டது, என் மீட்டிங் வரைக்கும் கேட்டது. இங்கேயோ வாசல் மணி ஒரு நாளைக்குப் பதினொரு தடவை. கேஸ், கூரியர், மீட்டர் பார்ப்பவர், கோயில் பிரசாதம்... சாதம் இரண்டு முறை அடிப்பிடித்தது. ஒரு ஐந்து மாடிக் கட்டடத்துக்கு மூன்றாம் மாடியில் கதவே இல்லாமல் ஓகே செய்து அனுப்பிவிட்டேன். முப்பத்தெட்டு வருஷத்தில் முதல் தடவை. மானேஜர் ஒன்றும் சொல்லவில்லை, தானே திருத்திக்கொண்டார். அதுதான் தாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை மெயில் எழுதினேன். இரண்டு மணி நேரமும் வேண்டாம், இரண்டு நிமிஷமும் வேண்டாம், முப்பத்தொன்றாம் தேதியோடு சரி. ஐந்து மணிக்கு வந்தவளிடம் வாசலிலேயே காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பரீட்சைப் பேப்பர் மாதிரி இரண்டு தடவை படித்தாள்.

"தேதி போட்டிருக்கேள். நன்னாயிருக்கு."

"அப்போ நாளையிலிருந்து போக மாட்டாயே?"

"முப்பத்தொண்ணுக்கு இன்னும் பன்னெண்டு நாள் இருக்கு. அதுவரைக்கும் எனக்கு ஆபீஸ் உண்டு."

இதை எழுதும்போதும் அவள் எதிர்வீட்டில்தான் இருக்கிறாள். இன்னும் பத்து நாள். உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள் — பத்திரிகைக்கு இந்தப் பத்தி எழுதுவதும் வீட்டிலிருந்து பார்க்கிற வேலைதான் என்று அவளிடம் யாரும் சொல்லிவிடாதீர்கள்.