தலைக்குள் பாடியவள்

சேரன்மகாதேவிப் பக்கம் ஓர் அம்மன் கோயில் கொடைத் திருவிழா. மெல்லிசைக் குழுவில் பாடிக்கொண்டிருந்தேன். பாடுகிறவருக்குத் தன் குரல் கேட்பதற்காக மேடையில் காலடியில் ஒரு ஸ்பீக்கர் பெட்டி வைப்பார்கள். மானிட்டர் என்போம். அன்று அது செத்துவிட்டது என்றே நினைத்தேன். சத்தத்தைக் கூட்டச் சொல்லி மைக்செட்காரருக்குக் கை காட்டினேன். அவர் கூட்டக் கூட்ட மைக்தான் வீறிட்டது.

வயலோரம் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரின் கீச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அதைப் பிடித்துக்கொண்டு பாடினேன். தூரத்துச் சத்தம் பிந்தித்தான் வரும். எனக்கும் தெரியும். ஆனாலும் வேறு வழியில்லை.

குழுவை நடத்தும் கீபோர்டு அண்ணாச்சி முடிந்ததும் கேட்டார்: “எம்மா, தபலா ஒரு பக்கம் போவுது, நீ ஒரு பக்கம் போற. யாருக்குப் பாடுத?”

கூப்பிட்டால் திரும்பாததால் எனக்குத் தலைக்கனம் என்று குழுவில் ஏற்கெனவே பேச்சு. காது மந்தம் என்பதைவிட அது தேவலை என்று வாயை மூடிக்கொண்டேன். இதே குறையோடு இதைப் படிக்கிற நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

கடைசியில் போய்ப் பார்த்த வண்ணார்பேட்டைக் காது டாக்டர் இசைக்கவையைத் தட்டிக் காதருகே பிடித்தார். சத்தம் சீக்கிரமே ஓய்ந்தது. காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தார். ஓயவே இல்லை. ஓட்டோஸ்கிளிரோசிஸ் (நடுச்செவியின் குட்டி எலும்பு அசையாமல் இறுகிப்போவது), இரண்டு காதிலும்.

“வெளிச்சத்தம் உள்ள போவாது. ஒங்க கொரல் மட்டும் எலும்பு வழியா பெருசா கேக்கும்” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கொஞ்ச காலமாக என் குரல் கனத்து, நிறைந்து, தலை முழுக்க நின்றது. சாதகம் பலித்துவிட்டது என்று பூரித்திருந்தேன். அது நோய்.

ஸ்டெபிடெக்டமி (இறுகிய எலும்பை எடுத்து நுண்ணிய செயற்கைத் துண்டு வைப்பது) செய்தார்கள். இருக்கிற கேட்கும் திறனும் போகலாம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். போனால் மேடையும் போகும். ஒரு காது ஆறிய பிறகு மற்றது. மூக்கைச் சிந்தக்கூடாது, ஆற்றில் முங்கக்கூடாது, பாடக்கூடாது. எழுந்தால் சுவர் சுற்றியது. பகல்கள் நகராமல் கிடந்தன.

கட்டுப் பிரித்தபின் தட்டு, காக்கை, பஸ் சத்தங்கள் எல்லாம் வந்தன. மெல்லப் பாடிப் பார்த்தேன். ஒல்லியான குரலில் யாரோ ஒருத்தி பாடினாள். அழுதேன்.

“காது கெடச்சிட்டுல்லா, பெறவு என்னத்துக்குக் கண்ணு கலங்குது?” என்றார் கணவர்.

திரும்ப மேடை ஏறினேன். மானிட்டர் தெளிவாகக் கேட்டது, தாளம் தப்பவில்லை. அண்ணாச்சி தலையாட்டினார். எல்லாரோடும் சேர்ந்து, கீழே கூட்டத்தில் நிற்பவள்போல, என்னை நானே கேட்டேன். அவ்வளவு கூட்டத்தில் எனக்கு யாருமில்லாதது போலிருந்தது.

உங்களுக்கும் குணமாகும். பயப்படாமல் செய்துகொள்ளுங்கள். ஆனால் தலைக்குள் பாடிக்கொண்டிருந்தவள் போய்விடுவாள், அதை யாரும் சொல்லமாட்டார்கள்.

இப்போதெல்லாம் வீட்டில் ஆளில்லாத மத்தியானங்களில் கதவைச் சாத்திவிட்டு, இரண்டு காதையும் விரலால் அடைத்துக்கொண்டு பாடுகிறேன். வருகிறாள். கை வலிக்கிறவரை இருக்கிறாள்.